மாடியில் பீன்ஸ்: செடியா, கொடியா?

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "தை மாதம் மொட்டை மாடியில் கொடி பீன்ஸ் போட்டேன். ஆளுயரத்துக்கு ஏறியது, கொத்துக் கொத்தாகப் பூத்தது, அத்தனையும் கொட்டிவிட்டது. தேமோர்க் கரைசல் (தேங்காய்ப் பாலும் மோரும் கலந்து புளிக்கவைத்தது) மூன்று தடவை தெளித்தும் நிற்கவில்லை. அதே பாக்கெட்டில் பாதியை ஓசூரில் இருக்கும் என் அக்காவுக்குக் கொடுத்தேன். அவளுக்குக் காய்த்துத் தள்ளுகிறது. நான் செடி பீன்ஸ் போட்டிருக்க வேண்டுமோ? எந்த ரகம் வாங்குவது, எப்படி வளர்ப்பது?"

தப்பு உங்கள் கையிலும் இல்லை, விதையிலும் இல்லை. அக்கா வீட்டில் காய்த்ததே அதற்குச் சாட்சி. நாள்தான் தப்பு. செடியா கொடியா என்ற கேள்விக்கும் பதில் அந்த நாள் கணக்கிலிருந்துதான் வரும். அதனால் அதை முதலில் பார்த்துவிடலாம்.

ஆங்கிலத்தில் 'பிரெஞ்சு பீன்ஸ்' என்பார்கள், பெயரில்தான் பிரெஞ்சு. ஊர் அமெரிக்கக் கண்டம்: மெக்சிகோவின் மேட்டு நிலங்களும் ஆண்டிஸ் மலைச் சரிவுகளும். நம் அவரை, காராமணி, கொத்தவரை போல வெயிலோடு பழகிய பயிர் இல்லை. தமிழில் இதற்கென்று ஒரு பெயர்கூட ஒட்டவில்லை, பீன்ஸ் என்றே நின்றுவிட்டது. இலங்கைத் தமிழர்கள் போஞ்சி என்கிறார்கள், அதுவும் டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல்தான். பகலில் 18 முதல் 26 டிகிரி என்றால் இதற்குக் கொண்டாட்டம். 30 வரை சமாளிக்கும். 32ஐத் தாண்டினால் செடி பச்சையாக நிற்கும், பூ நிற்காது.

பகல் வெயிலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். பீன்ஸுக்கு இரவும் அதே அளவு முக்கியம். இரவிலும் 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் உயிரில்லாமல் போகிறது. இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பீன்ஸ் பூ விரிவதற்கு முன்பே, மொட்டுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை பெரும்பாலும் முடிந்துவிடும். அந்த மகரந்தம் உருவாவது அதற்கும் ஒரு வாரம், பத்து நாள் முன்னால். அந்த நாட்களில் வெக்கை அடித்திருந்தால், பூ விரிந்து உங்கள் கண்ணில் படும்போது கதை முடிந்திருக்கும். அதற்குப் பிறகு தேமோர்க் கரைசல் தெளித்தாலும் சரி, மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்த மீன் அமிலம் தெளித்தாலும் சரி, தண்ணீர் தெளித்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. தேமோர்க் கரைசலை நான் குறை சொல்லவில்லை, கத்தரிக்கும் மிளகாய்க்கும் நானே தெளிக்கிறேன். சூட்டில் உதிர்வதற்கு அது மருந்தில்லை.

இப்போது உங்கள் கணக்கைப் போடுங்கள். தை நடுவில் விதைத்த கொடி பீன்ஸ் பூக்க ஆரம்பிக்க 45 முதல் 50 நாள். மாசி கடைசி, பங்குனி ஆரம்பத்தில் வந்து நிற்கும். அப்போது திருச்சியில் பகல் 35 டிகிரி சாதாரணம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். திருச்சி 100 மீட்டர்கூட இல்லை. மாசியில் அக்கா வீட்டில் ராத்திரிக்குப் போர்வை வேண்டும், உங்கள் வீட்டில் மின்விசிறி வேண்டும். பீன்ஸ் பூவுக்கு அந்த வித்தியாசம் போதும்.

சமவெளிக்காரர்களுக்கு நான் சொல்வது ஒரே கணக்கு: பூக்கிற நாள் மார்கழிக்குள் விழ வேண்டும். செடி பீன்ஸ் விதைத்த 35 முதல் 40 நாளில் பூக்கும். மார்கழியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஐப்பசி நடுவிலிருந்து கார்த்திகை நடு வரை, அதாவது நவம்பர் முழுக்க, விதைக்கிற நேரம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது பீன்ஸுக்குப் பொருந்தாது. ஆடியில் அவரை போடுங்கள், பீன்ஸ் பாக்கெட்டை எடுத்து உள்ளே வையுங்கள்.

சரி, செடியா கொடியா?

விதைப் பாக்கெட்டில் புஷ் என்று இருந்தால் செடி, போல் என்று இருந்தால் கொடி. இரண்டும் ஒரே இனம்தான். வித்தியாசம் நுனியில் இருக்கிறது. செடி பீன்ஸ் ஒன்றரை அடி வளர்ந்ததும் தண்டின் நுனியே பூங்கொத்தாக மாறிவிடும். அதற்கு மேல் வளர இடமில்லை. அதனால் எல்லாப் பூவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வரும், 50, 55 நாளில் காய் பறிக்கலாம், இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். கொடியின் நுனி நிற்பதே இல்லை. ஏறிக்கொண்டே ஒவ்வொரு கணுவிலும் புதிதாகப் பூ வைக்கும். முதல் காய்க்கு 60, 70 நாள் ஆகும். ஆனால் ஆரம்பித்தால் ஒன்றரை, இரண்டு மாதம் விடாமல் காய்க்கும். ஒரு செடியின் மொத்தக் காயைக் கணக்கிட்டால் கொடிதான் கூடுதல்.

இதைப் படித்ததும் கொடி லாபம் என்று தோன்றும். லாபம்தான், அந்த இரண்டு மாதம் குளிர்ச்சியாக இருக்கும் ஊரில். நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, ஓசூர், தாளவாடி, பெங்களூரு என்றால் யோசிக்காமல் கொடி போடுங்கள். உங்களுக்கு இருப்பது ஏழெட்டு வாரக் குளிர். அதில் கொடி ஏறி முடிப்பதற்குள் பாதி போய்விடும். கொடிதான் வேண்டும் என்றால் ஐப்பசி பிறந்தவுடன் விதைக்க வேண்டும். அப்போது வடகிழக்குப் பருவமழை கொட்டும், பீன்ஸ் விதை ஈரத்தில் சீக்கிரம் அழுகும். கொட்டகைக்குள் முளைக்கவைத்து, ஓலைத் தட்டி கட்டி என்று மெனக்கெட்டால் செய்யலாம். நான் கோவைக்காரன், உங்களைவிட எனக்குக் கொஞ்சம் குளிர்ச்சி. நானே பத்துப் பை செடி பீன்ஸும் ஆசைக்கு இரண்டு பை கொடியும்தான் வைக்கிறேன்.

ரகம். சமவெளி மாடிக்கு அர்கா வரிசையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டவை இவை. அர்கா கோமல் பழைய, நம்பிக்கையான செடி ரகம்: நேரான தட்டைக் காய், விதை எளிதாகக் கிடைக்கும். அர்கா சுவிதா நார் இல்லாதது. காலையில் அவசரமாக நறுக்குகிறவர்களுக்கு இது பெரிய விஷயம், இரண்டு முனையையும் கிள்ளி நாரை இழுக்கும் வேலை மிச்சம். மஞ்சள் தேமல் நோய் அடிக்கடி வரும் இடம் என்றால் அர்கா அர்ஜுன் கேட்டுப் பாருங்கள், அந்த நோயைத் தாங்குவதற்காகவே வந்தது. கடைகளில் கன்டெண்டர் என்றொரு வெளிநாட்டுச் செடி ரகமும் கிடைக்கும், அதுவும் நன்றாகவே வரும். நிழலாக இருந்தால் மட்டும் நுனியைக் கொஞ்சம் நீட்டும். பார்த்து, கொடி விதையைத் தந்துவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு முழக் குச்சி ஊன்றினால் போதும்.

கொடியில் நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் கொடைக்கானல் நிலையத்திலிருந்து வந்த கே.கே.எல். 1, தடியன்குடிசையிலிருந்து வந்த டி.கே.டி. 1 ஆகியவை மலைக்குப் பழகியவை. கென்டக்கி வொண்டர் என்ற பழைய அமெரிக்கக் கொடி ரகம் எங்கும் கிடைக்கிறது, உங்கள் பாக்கெட்டும் அதுவாக இருக்கலாம். சமையலுக்கு வாங்கும் ராஜ்மாவும் இதே இனம்தான். ஊறவைத்து முளைத்ததை மண்ணில் போட்டால் வளரும். ஆனால் அது பருப்புக்காகத் தேர்ந்த ரகம், காய் சீக்கிரம் நார் கட்டிவிடும். பிள்ளைகள் பார்த்து ரசிக்கச் சரி, பொரியலுக்குச் சரிப்படாது.

எத்தனை செடி வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. பிறகு நான்கு செடி வைத்துவிட்டு, கைப்பிடிக் காய்தான் வந்தது என்று வருத்தப்படுகிறார்கள். நன்றாக வளர்ந்த செடி பீன்ஸ் தன் ஆயுளில் 100 முதல் 150 கிராம் தரும், அதுவும் நாலைந்து பறிப்பில். நான்கு பேர் வீட்டில் ஒரு வேளைப் பொரியலுக்குக் கால் கிலோவாவது வேண்டும். அப்படியானால் ஒரு தவணைக்குக் குறைந்தது 12 செடி. 12 அங்குலப் பையில் மூன்று செடி தாராளமாக நிற்கும், நாலு பை போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காமல் நவம்பரில் பத்து நாளுக்கு ஒரு தவணையாக மூன்று தடவை விதைத்தால் பொங்கல் தாண்டியும் காய் வரும். கொடிக்கு 15 அங்குலப் பையில் மூன்று விதை.

மண் கலவையைப் பற்றி எல்லோருக்கும் ஒரு பக்குவம் இருக்கும். செம்மண், மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவு என்று நான் கலக்கிறேன். இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: உப்பு. காய்கறிகளிலேயே உப்பைத் தாங்க மாட்டாத பயிர்களில் பீன்ஸ் முன்வரிசை. கழுவாத தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். உங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வாளியில் வெள்ளைப் படிவு விடுகிறதா? அதே தண்ணீர் பீன்ஸ் இலையின் ஓரத்தைக் கருக்கும். பீன்ஸுக்கு மட்டும் குழாய்த் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள். தக்காளியும் கத்தரியும் பொறுத்துக்கொள்ளும் தண்ணீர்தானே என்று நான் ஒரு வருடம் அலட்சியமாக இருந்தேன். ஓரம் எல்லாம் சுட்ட அப்பளம் மாதிரி ஆகிவிட்டது.

விதைப்பில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். ராத்திரி முழுக்க ஊறவைத்து விதைப்பது நம் பழக்கம். பீன்ஸுக்கு வேண்டாம். மெல்லிய தோல், வேகமாகத் தண்ணீர் குடித்து உள்ளே பருப்பு வெடித்துவிடும், பிறகு மண்ணில் அழுகும். பையின் மண்ணை முதல் நாளே நன்றாக நனைத்து வையுங்கள். மறுநாள் விரல் கணு ஆழத்தில், ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக, காய்ந்த விதையை அப்படியே போட்டு மூடுங்கள். முளைக்கும் வரை மேல் மண் காய்ந்தால் மட்டும் கையால் லேசாகத் தெளியுங்கள். ஆறிலிருந்து எட்டு நாளில் வெளியே வரும்.

அது வெளியே வருகிற விதம் பார்க்க வேண்டிய ஒன்று. பட்டாணி பருப்பை மண்ணுக்குள் விட்டுவிட்டுத் தளிரை மட்டும் அனுப்பும். பீன்ஸ் முதுகை வளைத்துக்கொண்டு, பருப்பு இரண்டையும் மண்ணுக்குள்ளிருந்து இழுத்துக்கொண்டு வரும். முதலில் தெரிவது வெள்ளையும் பச்சையுமாக ஒரு கொக்கி. மறுநாள் அது நிமிரும்போது பருப்பு தலைக்கு மேலே வந்துவிடும். மேல் மண் இறுகி ஓடு கட்டியிருந்தால் அந்த இழுப்பில் கழுத்து ஒடிந்துவிடும். மொட்டைத் தண்டு மட்டும் நிற்கும், அது தேறாது. மேலே கொஞ்சம் மண்புழு உரத்தைத் தூவி மூடினால் இந்தத் தொல்லை இல்லை. அணிலுக்கும் புறாவுக்கும் அந்தக் கொக்கி என்றால் உயிர். பழைய பிளாஸ்டிக் பழக்கூடையைக் கவிழ்த்து வையுங்கள், இரண்டு இலை விரிந்த பிறகு எடுங்கள். நாற்று விட்டுப் பிடுங்கி நட வேண்டாம், வேர் அதைப் பொறுக்காது.

வெயில் ஐந்து, ஆறு மணி நேரம் வேண்டும், காலை வெயிலாக இருந்தால் உத்தமம். நவம்பர், டிசம்பரில் நிழல்வலை தேவையே இல்லை. பல பேர் வருடம் முழுக்கப் பச்சை வலையை மாட்டி வைத்துவிட்டுச் செடி வெளுத்து நீள்கிறதே என்கிறார்கள்.

உரம்: "பயறு குடும்பம்தானே, தழைச்சத்தைத் தானே தயாரிக்குமே" என்பார்கள். அந்தக் குடும்பத்தில் இந்தப் பிள்ளை கொஞ்சம் சோம்பேறி. காராமணி அளவுக்குச் சாமர்த்தியம் கிடையாது. அதன் வேர் முடிச்சில் தங்கித் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவும் வேறு, மாடிப் பையில் அது இருக்க வாய்ப்புக் குறைவு. அதனால் விதைத்த 20ஆம் நாள் பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், பூ வைக்கும்போது இன்னொரு கைப்பிடி. அதோடு நிறுத்துங்கள். கடலைப் பிண்ணாக்குக் கரைசலை வாரா வாரம் ஊற்றினால் இலை தாமரை மாதிரி விரியும், பூ வராது.

கொடிக்குப் பந்தல் வேண்டாம், குச்சி போதும். ஏழடிச் சவுக்கு அல்லது மூங்கில் குச்சி மூன்றை உச்சியில் சேர்த்துக் கட்டி, பையைச் சுற்றி ஊன்றுங்கள். கயிறு கட்டுவதானால் சணல் கட்டுங்கள், நைலான் வழுக்கும். இரும்புக் கம்பி சூடேறித் தளிரைச் சுடும். விதை முளைப்பதற்கு முன்பே ஊன்றிவிடுங்கள், பிறகு குத்தினால் வேர் அறுபடும். பீன்ஸ் கொடி மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில்தான் சுற்றும். நீங்கள் உதவி செய்கிறேன் என்று மறுபக்கமாகச் சுற்றிவிட்டால் காலையில் பிரித்துக்கொண்டு தொங்கும். மாடிக் காற்றுக்குப் பையோடு சாயும், குச்சியின் தலையைக் கைப்பிடிச் சுவரோடு ஒரு கயிறு போட்டு இழுத்துக் கட்டுங்கள்.

பூச்சியில், சாற்றை உறிஞ்சும் அசுவினியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் கலப்பதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்காலத் தெளிப்பு. இலை வெளுத்துப் புள்ளி புள்ளியாக இருந்து, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சிலந்திப்பேன். இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி குறையும். நெளிந்து, பச்சையும் வெளிர்பச்சையுமாகத் தேமல் விழுந்த செடியைப் பிடுங்கிப் போட்டுவிடுங்கள், வைரஸுக்கு வைத்தியம் இல்லை.

ஆனால் ஆளை ஏமாற்றுவது தண்டு ஈ. இரண்டு, மூன்று வாரக் கன்று, நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று மதியம் துவண்டு கிடக்கும். தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவோம். எனக்கு முதல் வருடம் ஒன்பது கன்று அப்படிப் போனது. கடைசியாகப் போன ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வீங்கி, நீளவாக்கில் வெடித்திருந்தது. நகத்தால் தோலை உரித்தால் உள்ளே சீரகம் அளவுகூட இல்லாத பழுப்புக் கூட்டுப்புழுக்கள், வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. இந்த ஈ இளம் இலையில் முட்டை வைக்கும், புழு இலைக்காம்பு வழியாகத் தண்டுக்குள் இறங்கிவிடும். உள்ளே போன பிறகு எந்தத் தெளிப்பும் எட்டாது. அதனால் முளைத்ததிலிருந்து மூன்று வாரம் வரை பழைய கொசுவலைத் துண்டால் மூடி வையுங்கள். வெடிப்பு கண்டும் இன்னும் துவளாத கன்றுக்கு இரண்டு அங்குலம் மண் அணையுங்கள், வெடிப்புக்கு மேலே புது வேர் விட்டுப் பிழைத்துக்கொள்ளும். எனக்கு நாலில் மூன்று பிழைத்தது.

பறிப்பு. காயில் விதை முட்டி முட்டியாகத் தெரிவதற்கு முன்பே பறிக்க வேண்டும். வளைத்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும், வளைந்து கொடுத்தால் முற்றிவிட்டது. இரண்டு நாளுக்கு ஒரு தடவை பறியுங்கள். நாலு காயை முற்ற விட்டால் வேலை முடிந்தது என்று செடி பூப்பதை நிறுத்திவிடும். ஒரு கையால் காம்பைப் பிடித்து மறு கையால் கிள்ளுங்கள், ஒற்றைக் கையால் இழுத்தால் செடி பீன்ஸ் வேரோடு வந்துவிடும். பனியோ மழையோ இலையில் ஈரமாக இருக்கும்போது செடியைத் தொட வேண்டாம், துரு நோயும் இலைப்புள்ளியும் கை வழியாகவே அடுத்த செடிக்குப் போகும். பறித்ததைப் பச்சையாக மெல்லும் பழக்கம் பிள்ளைகளுக்கு இருந்தால் தடுங்கள். பீன்ஸை, அதிலும் முற்றிய விதையை, வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். பச்சை விதையில் வயிற்றைப் புரட்டும் லெக்டின் என்ற புரதம் இருக்கிறது.

விதையை அடுத்த வருடத்துக்கு நீங்களே எடுத்துக்கொள்ளலாம். மொட்டுக்குள்ளேயே சேர்க்கை முடிந்துவிடுவதால் பக்கத்துப் பையில் வேறு ரகம் இருந்தாலும் கலப்பு அபூர்வம். நோயில்லாத இரண்டு செடியைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். காய் வைக்கோல் நிறமாகி, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும்போது எடுத்து நிழலில் உலர்த்தி, மூடியுள்ள பாட்டிலில் போட்டு பிரிட்ஜில் வைத்தால் வண்டு தொடாது. இரண்டு வருடம் நன்றாக முளைக்கும்.

மாசி முதல் ஐப்பசி வரை அந்தப் பைகள் சும்மா கிடக்க வேண்டாம். வெயிலுக்குக் காராமணியும் கொத்தவரையும், ஆடியில் அவரையும் போடுங்கள். அந்தச் சவுக்குக் குச்சியில் முழ நீளக் காராமணி ஏறினால் பீன்ஸ் பொரியலுக்கு ஏறக்குறைய அதே ருசி, வெயில் அதற்குச் சர்க்கரை.

பாக்கெட்டில் மிச்சம் இருக்கும் கொடி பீன்ஸ் விதையை அக்காவிடமே கொடுத்துவிடுங்கள். நீங்கள் அர்கா கோமலோ சுவிதாவோ நூறு கிராம் வாங்கி நவம்பர் முதல் வாரத்தில் முதல் நாலு பையில் போடுங்கள். மழை விடாமல் பிடித்துக்கொண்டால் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள், அதற்கு மேல் தள்ளாதீர்கள்.